தறி சொல்வதைச் சங்கம் கேட்கிறதா?

உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லாத அரசியல் மேடை தமிழ்நாட்டில் குறைவு. குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த முறையைப் பற்றி அங்கே இருப்பவை இரண்டு கல்வெட்டுகள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இல் ஒன்றும் 921-இல் இன்னொன்றும் வெட்டப்பட்டன. தான் வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் அவ்வூர்ச் சபை தானே திருத்தியிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

முதல் விதியில் வாரிய உறுப்பினருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். திருத்தத்தில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஓலை எடுக்கும் முறையும் இரண்டாவது கல்வெட்டில் இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது: உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டும், வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் என்ற பூசகர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டும். ஓலை ஏன் விரித்த கையில் விழ வேண்டும் என்பதற்குக் கல்வெட்டில் காரணம் இல்லை. மூடிய கையில் என்ன நடக்கக்கூடும் என்று யோசித்தவர்கள்தான் இப்படி எழுதியிருப்பார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தப் பக்கம் வர முடியாது.

அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை என்பதை மறைக்கத் தேவையில்லை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அதில் இடம் கிடையாது. ஆனால் அதே நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் சொல்லும் ஊரகத்துக் கோயிலின் கணக்கையும் அறக்கட்டளைகளையும் நகரத்து நெசவாளர் குடியிருப்புகளின் பொறுப்பில் விட்டதை அது சொல்கிறது. கணக்குப் பார்க்கவும் பொது நிறுவனத்தை நடத்தவும் இந்த ஊர் நெசவாளருக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானதும் காஞ்சிபுரத்தில்தான்.

ஒரு நிறுவனம் அறிவுள்ளதா என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கடைசியில் வேலை செய்யும் கைக்குத் தெரிந்தது, மேலே இருக்கும் விதியை மாற்ற முடிகிறதா? எவ்வளவு காலத்தில்? ஒத்துழைப்பு, கற்றல், பண்பாடு, தொழில்நுட்பம் என்று கருத்தரங்குகளில் அடுக்கப்படுவதெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னால்தான் பயன்படும். காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் கவலையாக இருக்கிறது.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம்; ஊடை மூன்று நாடாக்களில் தனித்தனியாக ஓடி, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்வது இதனால்தான். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்க்கும் பிட்னி வேலை இன்னொரு நுட்பம். எந்த இழை எந்த ஈரப்பதத்தில் அறும், எந்தச் சாயம் பட்டை முரடாக்கும், எவ்வளவு தளர்ச்சிக்குக் கோர்வை ஓரம் சுருங்கும் என்பதெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறிக்குள் கால் வைத்திருப்பவருக்குத் தெரியும். எந்தக் கோப்பிலும் இல்லாத அறிவு இது.

ஒரு காலத்தில் வடிவத்தைத் தறியின் மேலேயே நூலால் கட்டிவைத்தார்கள். அடை என்று அதற்குப் பெயர். அடை கட்டுபவரும் நெய்பவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்தார்கள். பூ கோணினால் அங்கேயே அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள். பிறகு ஜக்கார்டு பெட்டி வந்தது. வடிவம் துளையிட்ட அட்டைக்குப் போனது. அட்டை அடிப்பவர் வேறு தெருவில் இருந்தார். இப்போது வடிவம் கம்ப்யூட்டர் திரையில் பிறக்கிறது. மின்னணு ஜக்கார்டில் அட்டையும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் வேலையை எளிதாக்கியது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். அடை இழுத்த தோளின் வலியைத் தெரிந்தவர்கள் ஜக்கார்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வடிவம் ஒவ்வொரு தடவையும் தறியைவிட்டு ஒரு படி தள்ளிப் போனபோது, தறியிலிருந்து திரும்பிப் போக ஒரு பாதையை யாரும் போடவில்லை. ஜரிகை நீளமாக மிதந்து நகத்தில் மாட்டும் என்று நெய்பவருக்கு முதல் முழத்திலேயே தெரிந்துவிடும். அதை அவர் சொல்ல வேண்டிய இடம் எது? சேலையை வாங்கி மடிப்பு பிரித்துக் குறை பார்த்துக் கூலியைப் பிடிக்கும் மேசை இருக்கிறது. வடிவத்தின் குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் மேசை இல்லை.

கோர்வைத் தறியில் இரண்டாவது ஆளின் கதை இதைவிடக் கனமானது. ஒரு பக்கக் கரை நாடாவைப் போட நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். நெடுங்காலம் அங்கே உட்கார்ந்தவர்கள் குழந்தைகள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொடர்ந்து நடந்த இயக்கங்களால் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் காலியான அந்த இடத்துக்கு யார், என்ன கூலிக்கு வருவார்கள் என்ற கேள்வியை எந்த நிறுவனமும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆகவே பல வீடுகளில் மனைவி அங்கே உட்கார்ந்தார். அவர் உழைப்புக்குத் தனிக் கணக்கு இல்லை. மற்ற தறிகள் கோர்வையை விட்டுவிட்டு ஒற்றை ஆள் நெய்யும் கரைகளுக்கு மாறின. ஒரு பெருங்கலை தேய்ந்துகொண்டிருப்பதற்குக் காரணம் நாடாவும் பாவும் இல்லை. இரண்டாவது கூலியைப் பற்றி எடுக்கப்படாத முடிவு.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கின்றன. இப்படி இருக்கும்போது பிள்ளைகள் ஏன் தறிக்கு வரவில்லை என்று கேட்பதே அநியாயம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார்த் தொழிற்சாலைகளின் பேருந்துகள் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன.

அந்தக் கார்த் தொழிற்சாலைகள் பின்பற்றும் ஒரு வழக்கத்தின் வேர் தறியில் இருக்கிறது. ஜப்பானில் தச்சரின் மகனான சகிச்சி டொயோடா, தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை அவர் உருவாக்கினார். அவர் மகன் தொடங்கிய கார்த் தொழிலில் அந்தக் கருத்து ஒரு விதியாக வளர்ந்தது: குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம், மேலாளர் ஓடிவந்து காரணம் கேட்க வேண்டும். நம் நாட்டில், தெலங்கானாவிலும் சான்று உண்டு. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூல் சுற்றிச் சுற்றித் தாய் லட்சுமிக்குத் தோள் வலித்ததைக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம், பெரிய படிப்பு இல்லாமலே ஆசு இயந்திரத்தைச் செய்தார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். வலியை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் சரியான கருவி தோன்றுகிறது. டொயோடாவுக்கும் மல்லேசத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னவருடைய கருத்தை ஒரு நிறுவனம் தன் பழக்கமாக ஆக்கிக்கொண்டது. மல்லேசம் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார்.

நம்மிடம் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எக்ஸ் கதிர்க் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். புவிசார் குறியீடு இருக்கிறது, சில்க் மார்க் இருக்கிறது. போலியைப் பிடிக்க இவை வேண்டும். ஆனால் இவையெல்லாம் சேலையைச் சோதிக்கும் கருவிகள். நெய்பவரைக் கேட்கும் கருவி இவற்றில் ஒன்றுமில்லை. கோ-ஆப்டெக்ஸ் சேலையோடு நெசவாளரின் படமும் பெயரும் உள்ள அட்டையைச் சேர்த்தது அருமையான செயல்; வாங்குபவர் நெய்தவரின் முகத்தைப் பார்க்கிறார். உடுத்திய பெண் ஆறு மாதம் கழித்து என்ன சொன்னார் என்பதும் அந்த நெசவாளரின் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டாமா? இன்று ஒரு செல்போன் போதும் அதற்கு.

பண்பாடு என்று பேசும்போது அதிகாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்த காலங்கள் உண்டு. அந்த அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். மாற்றல் உத்தரவு வந்ததும் அவர் கற்றது அவரோடு போய்விடும். தேர்தல் நடந்தபோதும் பல இடங்களில் கட்சிக்கொடி பிடித்தவர்களே நாற்காலியில் அமர்ந்தார்கள். உறுப்பினர் சொன்னால் விதி மாறும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. பேரவைக் கூட்டம் போனஸ் அறிவிப்போடு முடிந்துவிடுகிறது.

கைத்தறித் துறைக்கும் சங்க நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. சங்கத் தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள். ஒரு வடிவம் தறிக்குப் போகுமுன் அதை நெய்யப்போகிறவர்கள் பார்த்துச் சொல்லும் குழுவை அமையுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கோர்வைத் தறியின் இரண்டாவது ஆளுக்குக் கூலிப் பட்டியலில் தனி வரி போடுங்கள். நெசவாளர் சேவை மையம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. மூத்த நெசவாளர்களை அங்கே சம்பளத்தோடு ஆசிரியர்களாக உட்காரவையுங்கள். இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டு, எது சரியாக வரவில்லையோ அதைத் திருத்துங்கள்.