அறுபத்தைந்துக்கு மேல்

எனக்கு வயது 68. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பார்த்து "வெளியே போகாதே, உள்ளே உட்கார்" என்று அதட்டியவன். இப்போது அதையே என் மருமகள் எனக்குச் சொல்கிறாள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று 2020-இல் அரசாங்கமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

காலையில் பால் பாக்கெட்டுக்கு சோப்புக் குளியல். என் அம்மா என்னைக்கூட இவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. பிறகு கபசுரக் குடிநீர். நான் முழுதாக விழுங்கும் வரை பேத்தி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஒரு காலத்தில் நான் அப்படித்தான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி நின்றேன்.

இதெல்லாம் சிரிக்க. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று நானும் தட்டைத் தட்டினேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி என்று. எங்கள் தெருவில் குப்பை அள்ள வருபவர் என்னிடம் எட்டாவது படித்தவர். ஏப்ரல் வெயிலில் ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று, "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். செம்பை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் குடித்துவிட்டு, "பாட்டில நானே வச்சுக்கிறேன் சார்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதே மாதம் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. செய்தியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கொதித்தோம். எனக்கு மட்டும் அந்த பாட்டில் ஞாபகம் வந்தது. கல் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு சொல்லைத் திருத்த ஆசை. "சமூக இடைவெளி" என்கிறோம். அது நம்மிடம் எப்போதோ தேவைக்கு மேல் இருக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்களுக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கிருமிக்கு வேண்டியது உடல் இடைவெளி. ஒரு மீட்டர் தள்ளி நிற்கலாம், முகக்கவசம் போடலாம், கை கழுவலாம். கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் கிருமியைச் சாக்காக வைத்துப் பழைய அழுக்கைத் தூசி தட்டி எடுக்காதீர்கள்.

இப்போது வாசலில் ஒரு மண்பானையும் டம்ளரும் பக்கத்தில் சோப்பும் வைத்திருக்கிறேன். யார் குடித்தாலும் கழுவிவைக்க வேண்டும். நானும் அதே டம்ளரில்தான் குடிக்கிறேன். முதல் மூன்று நாள் அவர் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆல் பாஸ் போட்டுவிட்டார்கள். சந்தோஷம். வாத்தியார்களுக்கு அப்படி ஒன்றும் அறிவிக்கவில்லை. நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.