பிரீமியம் பெட்ரோலா, சாதாவா?

பெட்ரோல் பங்கில் இப்போதெல்லாம் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தியதும், "எவ்வளவுக்கு?" என்று கேட்பதற்கு முன்னாலேயே, "பிரீமியம் போட்டுடவாக்கா? வண்டிக்கு நல்லது" என்கிறார்கள். ஆண்கள் "வேண்டாம்" என்றால் விட்டுவிடுகிறார்கள். பெண் ஓட்டி வந்தால், அதுவும் கார் என்றால், பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கண்ணாடியை இறக்குவதற்குள் பைப்பைச் சொருகியாகி விடுகிறது. எங்கள் ஊரில் 2025-ல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம். மாதம் இரண்டு முறை 35 லிட்டர் போட்டால் வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு மாத மளிகைச் செலவு அது!

எங்கள் குடும்பத்தில் இரண்டு விதமான காரும் உண்டு. நான் ஓட்டுவது சாதாரணச் சின்ன கார். என் கொழுந்தனாருடையது டர்போ எஞ்சின் வைத்த வேகக் கார், ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே சீறும். "உயர்ந்த பெட்ரோல் போட்டா உங்க காரும் இப்படி ஓடும் அண்ணி" என்று அவர் சொல்ல, அதெப்படி என்று கேட்டுத் தெரிந்து கொள்ள ஆரம்பித்தேன்.

பிரீமியம் என்பதில் முக்கியமானது ஆக்டேன் எண்தான். பலரும் நினைப்பது போல அது பெட்ரோலின் சத்து இல்லை, பொறுமை என்று வேண்டுமானால் சொல்லலாம். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து அழுத்தப்படும். பிளக்கிலிருந்து தீப்பொறி வந்த பிறகு அந்தத் தீ சீராகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் தாங்காமல் ஒரு பக்கம் தானாகவே பற்றிக் கொண்டால் 'டக் டக்'கென்று தட்டும் சத்தம் வரும். நாள்பட்டால் பிஸ்டனுக்குக் கேடு. அப்படிப் பற்றாமல் எவ்வளவு தூரம் தாக்குப் பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. டர்போ காரில் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறார்கள், அழுத்தம் அதிகம், அதனால் அதற்குப் பொறுமைசாலிப் பெட்ரோல் வேண்டும். என் காரில் அந்த அழுத்தமே கிடையாது. ஆக்டேனுக்காக அதிகம் கொடுக்கும் காசுக்கு அங்கே வேலையே இல்லை!

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சாதா பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் பிரீமியம் போட்டால் சக்தியோ மைலேஜோ சொல்லும்படி கூடவில்லை என்று 2016-ல் அறிவித்தது. (அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் கவனிக்க: அங்கே பம்பில் 87 என்று போட்டிருப்பது மட்டமான பெட்ரோல் இல்லை. அவர்கள் கணக்கிடும் முறை வேறு. அது நம் ஊர்க் கணக்கில் 91-க்குப் பக்கத்தில் வரும்.)

கொழுந்தனார் காருக்கு வருகிறேன். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ, காரோடு தரும் புத்தகத்திலோ எந்த எண் என்று எழுதியிருக்கும். அதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 95 'கட்டாயம்' என்று இருந்தால் சிக்கனம் பார்க்கவே கூடாது. எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் எத்தனையோ டாங்க் நிரப்பலாம். 95 'நல்லது', 91 போதும் என்று இருந்தால் பயமில்லை. இந்தக் காலத்துக் கார்களில் தட்டும் சத்தத்தை உணர்ந்து தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்கும் கருவி இருக்கிறது. சக்தியும் மைலேஜும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே சங்கம் 2017-ல் இப்படிப்பட்ட கார்களில் பார்த்தபோது, பிரீமியம் போட்டதில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியதாம். அந்த ஏழெட்டு ரூபாய்க்கு அது ஈடாகாது. முழு பாரத்தோடு ஊட்டி மலை ஏறுகிற அன்றைக்கு வேண்டுமானால் போடட்டும், மார்க்கெட்டுக்குப் போகிற அன்றைக்கு எதற்கு?

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிப்படி சாதாவுக்கு 91, பிரீமியத்துக்கு 95 என்று குறைந்தபட்ச எண் வைத்தார்கள். பிறகு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் மிக அதிகம். அதனால் சாதா பெட்ரோலே 95-க்கு உயர்ந்துவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆனால் மைலேஜ் கூடியதா? எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் குறையத்தான் செய்கிறது. ஆக்டேன் வேறு, சத்து வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? (எத்தனாலுக்கென்று செய்யாத பழைய வண்டிகளின் பாடு தனிக் கதை.)

அப்படியானால் 95 என்று தனியாக விற்பதில் நாம் எதற்குக் கூடுதல் காசு தருகிறோம்? எஞ்சினைச் சுத்தம் செய்யும் ரசாயனம் சேர்த்திருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். அதற்குத்தான் காசு என்று சொல்லி விற்கலாமே! 'வண்டிக்கு நல்லது' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எப்படி? 100 ஆக்டேன் என்று ஒன்றும் வந்திருக்கிறது. சாதாவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விலை. அது பந்தயக் கார், விலை உயர்ந்த பைக் வைத்திருப்பவர்கள் பாடு.

ஒவ்வொரு பம்பிலும் ஆக்டேன் எண், எத்தனால் எத்தனை சதவீதம், விலை மூன்றையும் தமிழில், காரில் உட்கார்ந்தபடியே படிக்கிற அளவில் எழுதி வைக்க வேண்டும். கேட்காமல் பிரீமியம் போட்டால் அந்தக் கூடுதல் காசை வாங்கக் கூடாது. நான் இப்போது வண்டியை நிறுத்தியதும் இறங்கி, "சாதா, ஆயிரம் ரூபாய்க்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறக்க விடுகிறேன். எங்கள் பங்கில் இருக்கும் தம்பி இப்போது என்னைப் பார்த்ததும் தானாகவே சாதா பம்பைக் கை காட்டுகிறான்.

- ஒரு வாசகி, ஈரோடு.