வகுப்பு இலவசம்; வீடு திரும்ப வழி உண்டா?

மாணவர்களுக்கும் இளம் நிரலாளர்களுக்கும் அல்காரிதம் கற்றுத்தரும் இலவச மாலை வகுப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், தோட்டப்புற இளைஞர்களுக்கு அவை எந்த அளவுக்கு எட்டும்?

அல்காரிதம் என்பது ஒரு சிக்கலைத் தீர்க்கும் படிமுறை. அகரவரிசையில் உள்ள 10 லட்சம் பெயர்களில் ஒன்றை வரிசையாகத் தேடினால், கடைசிப் பெயர் வரை பார்க்க நேரலாம். பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், 20 முறை பார்த்தாலே போதும். மென்பொருள் நிறுவனங்கள் பல, நேர்முகத் தேர்வில் இந்தச் சிந்தனையைத்தான் சோதிக்கின்றன.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017-இல் படிவம் 1-க்கு அறிமுகமான அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தில் அல்காரிதம் இடம்பெற்றுள்ளது. ஆனால், அதற்குப் பதிலாக வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தைப் பள்ளிகள் நடத்தலாம். ஆகவே, இந்த அடித்தளம் எல்லா மாணவருக்கும் கிடைப்பதில்லை.

பாடம் இணையத்தில் ஏற்கெனவே இலவசம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2011-இல் உருவான விசுவால்கோ தளம், அல்காரிதம் இயங்கும் விதத்தை அசைபடமாகக் காட்டுகிறது. மாலை வகுப்பு கூடுதலாகத் தருவது, சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியரையும் உடன் பயில நண்பர்களையும்தான். தனியாகப் படித்துப் பாதியில் நிறுத்துவோருக்கு அதுவே தேவை.

பட்டணத்தில் இரவு 9.30-க்கு வகுப்பு முடிந்தால், சொந்த வாகனம் இல்லாத தோட்டத்துப் பிள்ளை எப்படி வீடு திரும்புவது? பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்புவார்களா? கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு ஏற்பாட்டாளர்களின் கடமை முடிந்துவிடாது. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் கணினி அறையிலோ ஆலய மண்டபத்திலோ சனிக்கிழமை பகலில் அதே வகுப்பை நடத்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை இப்போதே கேட்டுப் பெற வேண்டும்.