ராஜியில்லாத வழக்கில் ராஜி!

ஆடு திருடியவன் மேல் வழக்கு நடக்கிறது. ஆட்டுக்காரன் மனம் இரங்கினால், "சமாதானமாகிவிட்டோம்" என்று சொல்லி வழக்கை முடித்துக்கொள்ளலாம். சட்டம் அதற்கு இடங்கொடுக்கிறது. ஆளைக் கொன்றவன் மேல் நடக்கும் வழக்கிலோ அதற்கு இடமில்லை. பெற்ற தாயே கூண்டிலேறி "மன்னித்துவிட்டேன்" என்றாலும் மன்றம் ஏற்காது. கொலை, ஊருக்கும் நாட்டுக்கும் இழைத்த குற்றம். ஆகவே வழக்குத் தொடுப்பது அரசு, வாதாடுவது அரசு வழக்கறிஞர் என்பது ஏற்பாடு.

ஏட்டிலே ஏற்பாடு இப்படி. நாட்டிலே நடப்பதென்ன? கொலை வழக்கிலும் ராஜி நடக்கிறது, தோழர்களே! மன்றத்திலே அல்ல, டீக்கடைப் பெஞ்சிலே, தோப்பிலே, சாட்சிக்காரன் குடிசை வாசலிலே நடக்கிறது. கையெழுத்தில்லை, முத்திரையில்லை. சாட்சி கூண்டிலேறி "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டியதுதான், ராஜி முடிந்தது. இதற்கு மன்றத்தார் வைத்திருக்கும் பெயர் பிறழ்சாட்சி. பிறழ்ந்தவன் அவன்தானா என்று நாம் கேட்கிறோம்.

கொலை வழக்கு நடக்கும் வழியைப் பாருங்கள். காவல் நிலையத்திலே முதல் தகவல் அறிக்கை. பிணத்தருகே விசாரணை, பிறகு பிரேதப் பரிசோதனை. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், சிறையிலிருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெறலாம். அது அவர் உரிமை. குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட்டிடம் வரும். அவர் வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். இதுவரை வேகமாகத்தான் போகும். அதற்குப் பிறகுதான் வாய்தா!

அந்த வாய்தாவிலே வாடுபவன் யார்? செங்கல் சூளையிலோ, வயலிலோ, கட்டட வேலையிலோ அன்றாடக் கூலிக்குப் போகிறவன். சம்மன் வந்ததும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போகிறான். எதிரி வக்கீல் வரவில்லை, போ என்கிறார்கள். அடுத்த மாதம் போகிறான். நீதிபதி மாறிவிட்டார், போ என்கிறார்கள். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டுமென்று சட்டப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. பழைய சட்டத்திலே 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்திலே 346ஆம் பிரிவு. எண் மாறியது, எழுத்து மாறவில்லை, வாய்தாவும் மாறவில்லை! இந்த இடைவெளியிலேதான் எதிர்த்தரப்பார் சாட்சியின் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள். முதலில் வருவது பணம், பிறகு சாதிப் பெரியவர்கள், கடைசியில் அரிவாள்.

வழக்கு எத்தனை காலம் நீளும் என்கிறீர்களா? விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி மீறி மணந்த இளம் தம்பதியை 2003 ஜூலையில் நஞ்சு புகட்டிக் கொன்றார்கள். பெண்ணை அவள் வீட்டாரும் பிள்ளையை அவன் வீட்டாரும் கொன்றதாகக் கதை கட்டியது முதல் விசாரணை. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது. கடலூர் மன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில்! தண்டிக்கப்பட்டோரில் போலீஸ்காரர் இருவரும் உண்டு. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது ஆண்டு 2025. இருபத்திரண்டு ஆண்டு நின்ற சாட்சிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. பஸ் செலவையாவது காலத்தில் கொடுத்தார்களா என்றே கேட்கிறோம்.

2015இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து ஒரு பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். உடல் தண்டவாளத்தருகே கிடந்தது. முக்கிய சாட்சியே கூண்டிலே மாறிப்போனார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. கோயில் காமிராவின் படம் பேசியது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள். மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே போய்க் காமிரா இருந்த இடங்களைப் பார்த்து வந்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் காமிராவுக்குப் பெண்டு பிள்ளையில்லை, குடிசையில்லை. அதனால் அது மாறவில்லை. காமிரா இல்லாத வயல்வெளியிலே நடக்கும் கொலைக்கு மனிதக் கண்தானே சாட்சி?

மேலவளவில் 1997 ஜூன் 30ஆம் நாள் ஊராட்சித் தலைவரோடு அறுவர் வெட்டுண்டனர். அந்த வழக்கும் மதுரையை விட்டுச் சேலத்துக்குப் போன பிறகே, 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. சொந்த மண்ணிலே சாட்சி சொல்ல முடியாமல் ஊர் கடந்து மன்றம் தேட வேண்டியிருக்கிறது.

சாட்சி உறுதியாக நின்றால் மட்டும் போதுமா என்று கேட்கும் தோழர்களின் வாயை நாம் அடைக்க மாட்டோம். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்தன. நாகை மன்றம் 1970இல் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் பண்ணையார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! கூலிக்காரன் கண்ணால் கண்டது, கார்க்காரன் கௌரவத்தின் முன் நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பை நாம் மறக்கவில்லை. அதற்காகக் கூண்டைக் காலியாக விட்டுவிடலாமா? அதைத்தானே அவர்கள் கேட்கிறார்கள்!

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு 2018இல் உச்சநீதிமன்றம் ஒப்புதல் தந்து, எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டுமென்றது. அத்திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. சாட்சியோ, அவர் குடும்பத்தாரோ, வக்கீலோ மனுக் கொடுக்கலாம். மிரட்டல் எவ்வளவு என்று போலீஸ் அதிகாரி ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குக் காவல் உண்டு, இடமாற்றம் உண்டு. நம் கிளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மன்றத்தின் தாழ்வாரத்திலே இதைத் தமிழில் எழுதி ஒட்டினால் சுவர் இடிந்துவிடுமா?

அரசினரிடம் நாம் கேட்பது: கொலை வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கினால் இடைவிடாமல் நடக்கட்டும், சாட்சிக்குரிய படி அன்றே அவர் கையில் கிடைக்கட்டும். கிளைத் தோழர்களிடம் கேட்பது: உங்கள் ஊரிலே கொலை வழக்குச் சாட்சி யாரேனும் இருந்தால், சம்மன் தேதியைக் குறித்து வையுங்கள். சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், அவர் கண்டதை அவரே சொல்வார். அதிகாலை முதல் பஸ்ஸிலே அவரோடு ஏறுங்கள். மாலையில் வீட்டிலே கொண்டுவந்து விடுங்கள். வாய்தா போட்டால், அடுத்த தேதிக்கும் போங்கள்.