இரண்டாவது கன்ட்ரோலர் யார் கையில்?

குழந்தையின் தனிமைக்கு ஓர் இயந்திரம் தோழனாக முடியுமா? பேசும் பொம்மைகளும் கேட்டதற்கு விடை சொல்லும் கருவிகளும் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில், பெற்றோர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய வினா இது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட ஒரு பொம்மையின் கதை இவ்வினாவுக்கு ஓரளவு வெளிச்சம் தருகிறது.

1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வணிகம் சரிந்தது. தரமற்ற விளையாட்டுகள் சந்தையில் குவிந்தன. விலைபோகாத சரக்கினால் நட்டமடைந்த கடைக்காரர்கள், வீடியோ கேம் என்றாலே முகம் திருப்பிக்கொண்டனர். அந்நிலையில் தன் கருவியை அங்கே விற்க விரும்பிய ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், பெட்டிக்குள் ஒரு ரோபோவையும் சேர்த்து வைத்தது. ரோபோ இருந்தால் அது பொம்மை. பொம்மைக்குக் கடையில் இடமுண்டு. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. ரோபோவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ராப்' என்றனர். அப்பெயரின் கடைசிச் சொல்லுக்குத் தோழன் என்பது பொருள்.

அதன் நுட்பம் வியப்புக்குரியது. தொலைக்காட்சித் திரை கண் சிமிட்டுவதுபோல் ஒளிரும்; ரோபோ தன் கண்களில் உள்ள ஒளியுணரியால் அதனைக் கட்டளையாக ஏற்றுக் கையை அசைக்கும். 'கைரோமைட்' என்ற விளையாட்டில், ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ஒரு பேராசிரியரின் வழியைச் சிவப்பு, நீலத் தூண்கள் மறித்து நிற்கும். நாம் கட்டளையிட்டால், ரோபோ ஒரு பம்பரத்தை எடுத்துச் சுழலவிட்டு, அதனைத் தட்டின்மேல் வைக்கும். பம்பரத்தின் எடையால் இரண்டாவது கன்ட்ரோலரின் பொத்தான் அழுந்தும். தூண் நகர்ந்து வழி திறக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? ஒரு பொத்தானை அழுத்துவதற்காக. அருகில் அமர்ந்திருக்கும் தம்பியோ ராத்தாவோ ஒற்றை விரலால் நொடியில் செய்துவிடக்கூடிய வேலை அது. ரோபோவோ அதனை மிக மெதுவாகவே செய்தது. கன்ட்ரோலரை மனிதக் கையில் கொடுத்துவிட்டால் ரோபோ தேவையே இல்லை.

இந்தத் தோழனுக்காக வெளிவந்த விளையாட்டுகள் கைரோமைட், ஸ்டாக்-அப் ஆகிய இரண்டு மட்டுமே. கடைகளின் கதவு திறந்ததும் அதன் பணி முடிந்துவிட்டது. நிறுவனம் வளர்ந்தது, ரோபோ கைவிடப்பட்டது. இன்றைய தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளின் ஒளியை அதன் கண்கள் உணர்வதும் இல்லை.

இதனை மோசடி என்று நான் கூறவில்லை. ரோபோ சொன்னதைச் செய்தது. பிள்ளைகள் அதனைக் கண்டு மகிழ்ந்தும் இருப்பர். விற்பனைக்காகச் சூட்டப்பட்ட 'தோழன்' என்ற பெயரை நாமும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதே என் கருத்து. விற்பவருக்கு அந்தத் தோழமை தேவைப்படும் வரைதான் அது நீடிக்கும். இன்றைய பேசும் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டால், குழந்தை நண்பனாக எண்ணிய பொம்மை ஒரே நாளில் ஊமையாகிவிடலாம்.

"வாப்பா வெளிநாட்டில், உம்மாவுக்கு வீட்டு வேலை, உடன்பிறந்தாரும் இல்லை, பிள்ளை என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொம்மை வேண்டாம் என்பதன்று என் வாதம். பொழுதைப் போக்க அது உதவட்டும். ஆனால் பிள்ளையின் தோற்றலுக்கு வருந்தவும், வெற்றியைக் கண்டு உண்மையாகவே மகிழவும் அதனால் இயலாது. பெற்றோருக்கும் காக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அது இயலும்.

ஆகவே பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும்போது, இதில் இன்னொருவருக்கு இடமுண்டா என்று பாருங்கள். இடமிருந்தால், மஃரிபுக்குப் பின் ஒரு கால் மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த இரண்டாவது கன்ட்ரோலரை நீங்களே கையில் எடுங்கள்.