தனியொருவர்க்கு ஏற்ற பெருவித்தை

இணுவிற் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் கண்டவர்களுக்கு மரவேலையின் பிரமாண்டத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த மஞ்சம் வீதிவலம் வருவதற்கு ஊரே திரண்டு வருகின்றது. மேடையிலே தனியாக நின்று மாயவித்தை காட்டும் இளைஞருக்கோ அத்தகைய ஊர்ப்பலம் இல்லை. தமது பெட்டியைத் தாமே சுமக்கவேண்டும், தாமே பூட்டவேண்டும், விழா முடிந்த நள்ளிரவிலே தாமே கழற்றி ஏற்றிக்கொண்டு வீடு திரும்பவும் வேண்டும். பெருவித்தை ஒன்றை விலைகொடுத்து வாங்க விரும்புவோர் முதலில் மறந்துவிடுவது இதனைத்தான்.

எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் இது பற்றியே கேட்க வந்தார். சீட்டு, கயிறு, கைக்குட்டை முதலியவற்றைக் கொண்டு சிறு வித்தைகளை நன்றாகவே செய்பவர். வாசிகசாலை ஆண்டு விழாக்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் கைதட்டல் பெற்றவர். “பின்னுக்கு இருக்கிற ஆட்களுக்குச் சீட்டுத் தெரியாது, சேர். ஆளையே மறைக்கிற மாதிரிப் பெரிதாக ஒன்று வேண்டும். அம்மாவின்ரை காப்பை அடைவு வைத்தால் வெளியிலையிருந்து ஒரு பெட்டி எடுப்பிக்கலாம்” என்றார். காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கட்டும் என்று முதலிற் கூறினோம். அதன்மேற் கூறியவை இவரைப் போன்ற வேறு சிலருக்கும் பயன்படுமாதலின் இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

பெருவித்தை என்பது பெரிய பெட்டியன்று. மனித உடலுக்கு நடக்கவொண்ணாதது நடப்பதாகக் காட்டுவதே பெருவித்தை. 1921ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி இலண்டன் பின்ஸ்பரி பாக் எம்பயர் அரங்கிலே பி. டி. செல்பிற் என்பவர் ஒரு பெண்ணைப் பெட்டியில் இட்டு அறுத்துக் காட்டினார். பளபளக்கும் இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. சாதாரண மரப்பெட்டி, கயிறு, தச்சர் கைவாள் என்பனவே இருந்தன. பின்னர் அவர் அரங்கின் முன்னே நோயாளர் வண்டிகளை நிறுத்தியும், சிவப்பு நீரை வாளியிற் கொணர்ந்து தெருவோரத்தில் ஊற்றியும் ஊரார் வாயிற் பேச்சை உண்டாக்கினார். பெட்டிக்குச் செலவிட்டதைவிடப் பேச்சுக்குச் செலவிட்டதே அவருக்குப் பெரும்பயன் தந்தது என்பது எமது எண்ணம்.

வங்காளத்துப் பி. சி. சர்க்கார் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி பி. பி. சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை மின்வாளினால் அறுப்பதாகக் காட்டினார். அறுத்து முடிந்தது, பெண் எழவில்லை, நிகழ்ச்சிக்குரிய நேரமும் முடிந்துவிட்டது. பெண் இறந்துவிட்டாள் என்று எண்ணி மக்கள் தொலைபேசியிற் பதறினர். மறுநாட் பத்திரிகைகளெல்லாம் சர்க்காரின் பெயரையே தாங்கி வந்தன. சர்க்காரிடம் வாள் இருந்தது மெய்யே. ஆயினும் அன்று வென்றது வாளன்று, நிறுத்திய இடமே. ஆனால் ‘இந்திரஜால்’ என்னும் தமது காட்சியை ஒரு பெருங்குழுவுடன் ஊரூராகக் கொண்டு சென்றவர் அவர். அவர் வழி தனியாளுக்கு ஆகாது.

இக்காலத்து இளைஞர் பெரிதும் ஆசைப்படுவது றொபேட் ஹாபின் 1965இல் அமைத்த பெட்டியை. உள்ளே ஒரு பெண் நிற்க, அவளுடைய நடுவுடல் மாத்திரம் ஒருபுறமாகத் தள்ளப்படும். ஹாபின் அதன் அமைப்பை 1970இல் 500 பிரதிகள் மாத்திரமே அச்சிட்ட நூலொன்றில் வெளியிட்டார். அறிவு நிரம்பிய அமைப்பு அது, ஐயமில்லை. ஆயின் அளவு சிறிது பிசகினாலும், வர்ணம் சிறிது பிழைத்தாலும் அது பெரிய அலுமாரியாகிவிடும். மேலும் பெட்டியின் அளவு உள்ளே நிற்பவரின் அளவு. அப்பெண் திருமணமாகி வெளிநாடு சென்றுவிட்டால் பெட்டி விறாந்தையில் நிற்கவேண்டியதுதான்.

ஆகவே விலையை விசாரிக்குமுன் விசாரிக்கவேண்டியவை வேறு. சபையோர் எங்கிருந்து பார்ப்பார்கள்? நமது கோயில் வீதியிலே மணலில் அமர்ந்திருப்போர் கீழிருந்து நோக்குவர். மதிலில் ஏறிய சிறுவரோ மேலிருந்தும் பக்கத்திருந்தும் நோக்குவர். இந்த மதிற் சிறுவரை ஏமாற்றமுடியாத வித்தை யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற வித்தையன்று. காற்று எப்படி? ஆனி, ஆடியிலே சோளகம் வீசும்போது மெல்லிய திரை கொண்ட எந்த வித்தையும் தன் இரகசியத்தைத் தானே சொல்லிவிடும். பொருள் முழுவதும் ஒரு முச்சக்கர வண்டியில் அடங்குமா? இவற்றுக்கு விடை கண்டபின்னரே தச்சரிடம் போகவேண்டும்.

இந்த வினாக்களிற் பல வித்தைகள் தோற்றுவிடும். 1865ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் ஸ்ரோடேர் என்பவர் மேசைமீது வைத்த பெட்டிக்குள் ஒரு தலை மாத்திரம் இருந்து பேசுவதாகக் காட்டினார். மேசைக் கால்களுக்கு இடையிலே சாய்வாக நிறுத்திய கண்ணாடிகளே அதன் உபாயம் என்பது நூறாண்டுக்கு மேலாக நூல்களிலே அச்சாகிவரும் செய்தி. செலவு குறைவுதான். ஆனாற் கண்ணாடிக்கு நேர்ப்பார்வை வேண்டும், தூசியற்ற மேடை வேண்டும், ஒழுங்கையின் குண்டுங்குழியும் தாண்டி உடையாமல் வரவும் வேண்டும். ஒரே இடத்தில் நிலைக்கும் கொட்டகைக்கு அது பொருந்தும். ஊரூராகச் செல்பவருக்குப் பொருந்தாது.

நம் நாட்டுத் தெருவித்தைக்காரரின் கூடை வித்தை இதற்கு நேர்மாறானது. சுற்றிலும் ஆட்கள் நிற்க, வெட்டவெளியிலே, ஒரு பிரப்பங்கூடையும் ஒரு துணியும் கொண்டு செய்யப்படுவது. ஸ்ரோடேரே அதனை 1865இல் இலண்டன் மேடையில் ஏற்றினார் என்றால் அதன் பெருமை விளங்கும். கூடையின் வாய் சிறிது, வயிறு பெரிது. பார்ப்பவர் கண் வாயை அளந்து வயிற்றை மறந்துவிடுகின்றது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வித்தை பிறிதொன்றில்லை. எனினும் கூடைக்குள் ஒரு சிறுவனை இருத்தி வாளைச் செருகும் வேலையை எம்மிடம் பயின்ற எவருக்கும் நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

தம்பியோ மனைவியோ துணைக்கு உள்ளவர்களுக்கு ஹூடினியின் பெட்டி உண்டு. சாக்கினுட் கட்டிப் பெட்டியிற் பூட்டப்பட்டவர் வெளியே நிற்பார். வெளியே நின்றவர் உள்ளே கட்டுண்டு கிடப்பார். மாற்றம் நிகழ்வது மூன்று விநாடிக்குள். ஹூடினி முதலில் தம் தம்பியோடும், 1894இல் மணம் புரிந்தபின் மனைவி பெஸ்ஸோடும் இதனைச் செய்தார். ஊர்த் தச்சரே செய்யக்கூடிய பெட்டிதான். காற்றுத் துளைகள் மாத்திரம் மறக்கலாகாது. ஆனால் இதில் விலையுயர்ந்தது பெட்டியன்று. இருவர் சேர்ந்து பழகும் பல மாதங்கள். தனியாளிடம் அந்த இரண்டாமவர் இல்லையே.

மலிவானதெல்லாம் நல்லதென்றும் எண்ணலாகாது. துப்பாக்கிக் குண்டைப் பல்லாற் பிடிக்கும் வித்தைக்கு ஒரு துப்பாக்கி போதும். சுங் லிங் சூ என்னும் சீனப்பெயர் புனைந்து உலவிய வில்லியம் றொபின்சன் 1918ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி இலண்டன் மேடையில் அதனைச் செய்யும்போது சுடப்பட்டு மறுநாள் இறந்தார். கயிற்று வித்தையோ அதனினும் மலிவு. கயிற்றில் ஏறி ஆகாயத்துக்குச் செல்லும் மாயாவியை ஆதிசங்கரர் தமது பிரமசூத்திர பாஷ்யத்தில் உவமையாக எடுத்தாளுகின்றார். 1934இல் இலண்டன் மாயவித்தைச் சங்கத்தின் குழுவொன்று அதனைச் செய்து காட்டுவோருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது; அப்பணத்தைப் பெற்றவர் எவருமிலர். உவமையாக இருக்கத்தக்கதை மேடைக்கு இழுத்தால் அப்படித்தான்.

இனி, தனியாளுக்கு ஏற்றதென்று நாம் கருதும் வித்தைக்கு வருவோம். அது சென்னைக்குரியது. 1830ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே அந்நகரில் முதிய பிராமணர் ஒருவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆங்கிலேயர் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதிவைத்தனர். 1832இல் இலண்டன் வார இதழொன்று அவரைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. அவருடைய தளபாடம் ஒரு சிறு மரப்பீடம், அதிற் பொருத்திய மூங்கில், மூங்கிலின் தலையிற் குறுக்கே நீட்டிய சுருட்டிய மான்தோல் ஆகியனவே. சிலர் கம்பளமொன்றை அவர் முன்னே பிடிப்பர். அது விலகும்போது முதியவர் நிலத்துக்கு ஏறத்தாழ 4 அடி உயரத்தில், ஒரு கை மான்தோலின்மேல் இலேசாகப் படிந்திருக்க, மறுகையாற் செபமாலையை உருட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். மூங்கிலுக்குள் இரும்புத் தண்டு; அத்தண்டு மான்தோலூடாகச் சென்று சட்டைக் கைக்குள் நுழைந்து, அங்கிக்குள் மறைந்த இருக்கையைத் தாங்குகின்றது. இதுவும் நெடுங்காலமாகப் பலர் எழுதிய செய்தியே. எவருடைய பிழைப்பையும் நாம் கெடுக்கவில்லை. பிரான்சிலே றொபேர் ஊடென் 1847இல் தம் சிறு மகனை ஒரு கோலின்மேற் கிடத்தி இதே தத்துவத்தைக் காட்டினார். அக்காலத்தில் மயக்கமருந்தாகிய ஈதர் புதிது. அவர் திரைக்குப் பின்னே ஈதரை ஆவியாக்கிச் சபையோரின் மூக்குக்கும் வேலை கொடுத்தார். இன்று இலண்டன், உரோம் நகரத் தெருக்களிலே தனியாட்கள் பணத்தட்டை முன்னே வைத்து அந்தரத்தில் அமர்ந்திருக்கிறார்களே, அவர்களும் சேஷாலின் மாணாக்கரே.

இதிலே பெட்டியில்லை, கண்ணாடியில்லை, இரண்டாமவரும் இல்லை. துணி பிடிப்பதற்குச் சபையிலிருந்தே இருவரை அழைக்கலாம். கழற்றினால் முச்சக்கர வண்டியில் அடங்கும். மதிற் சிறுவர்கூடக் காண்பது ஒரு மனிதர் காற்றில் இருப்பதையே.

செலவு முழுவதும் கொல்லரிடம் போகவேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் தண்டிலிருந்து அரை மீற்றர் தள்ளி அமர்ந்தால், முழு வளைவுப் பாரமும் தண்டின் அடியிலே தங்கும். ஓரங்குலத் தடிப்புள்ள இரும்பு தாங்குவதுபோலத் தோன்றினும் தன் வளைவெல்லையை மிக அணுகிவிடும். தடிப்பை ஒன்றரை அங்குலமாக்கினால் வலிமை ஒன்றரை மடங்கன்று, மூன்று மடங்குக்கும் மேலாகும். வளைவைத் தாங்கும் ஆற்றல் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு வளர்வதே காரணம். விரிப்பின்கீழ் மறையும் அடித்தகடு, உடலின் பாரம் விழும் இடத்தையும் கடந்து நீண்டிருத்தல் வேண்டும். இல்லையேல் எல்லாம் ஒருங்கே சாயும். மணல் வீதியானால் தகட்டின்கீழ்ப் பலகை இடவேண்டும்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். தளர்ந்த நீண்ட அங்கி இன்றியமையாதது, வேட்டி உதவாது. ஆனால் காவி வேண்டாம். சேஷாலின் வித்தையை யோகசித்தி என்று நம்பியோரும் இருந்தனர். சிவயோகியரைப் போற்றும் நம் ஊரிலே அந்த நம்பிக்கையைக் காசாக்குவது தகாது. வித்தை என்று சொல்லியே காட்டினால் கைதட்டல் குறையப்போவதில்லை.

தண்டு ஆனவுடன் மேடைக்கு ஓடவும் வேண்டாம். சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ. இரண்டு பைகளை இருக்கையில் ஏற்றிக் கட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டுவைக்கட்டும். காலையிலே தண்டு இம்மியேனும் வளைந்திருந்தால் மீண்டும் கொல்லரிடம் போகலாம். வளையாதிருந்தால் அங்கிக்குத் துணி எடுக்கப் போகலாம்.