பூட்டு நம் வீட்டில். சாவி யார் கையில்?

உழவன் காசு கொடுத்து மண்வெட்டி வாங்குகிறான். அன்று எத்தனை வரம்பு வெட்டினான் என்ற சேதியை அந்த மண்வெட்டி கொல்லனிடம் போய்ச் சொல்வதில்லை. ஆசிரியர் ஒரு பேனா வாங்குகிறார். யாருக்குக் கடிதம் எழுதினார் என்று அந்தப் பேனா கடைக்காரனுக்கு அறிவிப்பதில்லை. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் இலட்சக்கணக்கில் பணங்கொடுத்து வாங்கும் கணினி மட்டும், வாங்கியவரைப் பற்றிய தகவலை விற்றவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது எந்த நாட்டு நியாயம் என்று கேட்கிறோம்.

வீண் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. நடந்ததைச் சொல்கிறோம். 2015 ஜூலை 29 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தோருக்கு ஓராண்டு காலம் அது இலவசம். இலவசத்தைக் கண்டு உலகம் மகிழ்ந்தது. பிறகுதான் தெரிந்தது, எந்தச் செயலியை எப்போது திறக்கிறோம், பொறி எங்கே பழுதாகிறது என்றெல்லாம் அது நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்புகிறதென்று. அந்த அறிக்கையைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்த வீட்டுக்காரனுக்கு வழி வைக்கப்படவில்லை. பெருங்கம்பனிகள் வாங்கும் பதிப்பிலோ அதனை அடைக்கும் அதிகாரம் உண்டு! பணக்காரனுக்குக் கதவு, ஏழைக்குத் திரைச்சீலை என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

2016 ஜூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அளவுக்கு மீறித் தரவு திரட்டுவதை மூன்று மாதத்துள் நிறுத்துமாறு அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் விடுத்தது. 2017 ஒக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையம், தன் நாட்டுச் சட்டம் மீறப்பட்டது எனத் தீர்மானித்தது. நிறுவனம் இறங்கி வந்தது. சில வாயில்களை அடைத்தது. எவற்றைத் திரட்டுகிறோம் என்ற பட்டியலையும் வெளியிட்டது. கேட்ட நாட்டுக்குக் கிடைத்தது. நாம் கேட்டோமா?

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு நின்றது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமானால் 30 டொலர் கொடு. அல்லது உன் கணினியின் அமைப்புகளை எமது களஞ்சியத்தில் சேமித்து வை என்றார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு எதிர்த்து நின்றது. ஐரோப்பியருக்கு மட்டும் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. ஐரோப்பியன் மனிதன், ஈழத்தமிழனும் சிங்களவனும் சந்தைச் சரக்கு! இதைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

அடுத்து வந்த விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்போ, முதன்முதல் இயக்கும்போதே இணையத்தையும் நிறுவனத்தின் கணக்கையும் கேட்கிறது. கணினியின் வட்டு பூட்டப்படுகிறது, நல்லதே. ஆனால் அந்தக் கணக்கினூடாகப் பூட்டும்போது, பூட்டைத் திறக்கும் மீட்புச் சாவியின் படி ஒன்று நிறுவனத்தின் களஞ்சியத்துக்கே தானாகப் போய்ச் சேருகிறது. பூட்டு நம் வீட்டில். சாவியின் படி கடல் கடந்த தேசத்தில்!

'மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு?' என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியைக் கொழும்புத் தமிழனிடம் கேட்பதற்கு அவர்களுக்குக் கூச்சமில்லையா? 1983 ஜூலையில் வீடு வீடாகத் தீவைக்க வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிப்பதற்காகப் பெயர் கொடுத்தவன் என்ன குற்றம் செய்தான்? 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300 க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அக்கொடுமை நின்றது. 2008 செப்டெம்பரில், ஐந்தாண்டுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தோர் பொலிஸாரிடம் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டுமென்ற கட்டளை பிறந்தது. ஒரு காரியத்துக்காக எழுதப்பட்ட பட்டியல் வேறொரு காரியத்துக்குப் பயன்படும் என்பதை நாம் நூலில் படிக்கவில்லை, வாசற்படியில் கண்டோம்.

கம்பனியும் கும்பலும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பழுதைக் கண்டறிந்து திருத்தவே தகவல் திரட்டுகிறோம் என்று நிறுவனம் சொல்கிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் திரட்டியவனின் எண்ணம் நல்லதென்பதால் திரட்டிய பட்டியல் நல்லவன் கையிலேயே என்றும் இருக்கும் என்று யார் பிணை நிற்பார்? 2013 இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில், அமெரிக்க உளவுத்துறையின் திட்டத்தில் இடம்பெற்ற கம்பனிகளுள் இந்நிறுவனத்தின் பெயரும் இருந்தது. நேரடி வழி எதுவும் திறந்துவிடவில்லை என்று அது மறுத்தது. சட்டப்படி கட்டளை வந்தால் கொடுப்போம் என்பதை மட்டும் மறுக்கவில்லை.

2024 மே மாதம் 'ரீகோல்' என்றொரு புதுமையை அறிவித்தார்கள். திரையில் தோன்றுவதைச் சில விநாடிக்கொரு முறை படம்பிடித்து வைத்து, பின்னர் தேடித் தரும் கருவி அது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் பின்வாங்கி, மறு ஆண்டில், விரும்பினால் மட்டும் என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். படங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். கணினியையே தூக்கிக்கொண்டு போனால்? 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தேடுதலும் கைப்பற்றலும் கண்ட சமூகம் இது. ஒரு நிருபரின், ஒரு சட்டத்தரணியின் பல மாத வேலையெல்லாம் வரிசையாகப் படமாக்கப்பட்ட பெட்டி ஒன்று விசாரணையாளர் மேசையில் இருந்தால் என்ன நேரும் என்று விளக்க வேண்டுமா?

'எமக்கென்ன, எம் வீட்டில் கணினி இல்லையே' என்று கிளிநொச்சி விவசாயி எண்ணிவிட வேண்டாம். அவருடைய காணி உறுதி நொத்தாரிசின் கணினியில் இருக்கிறது. அடகுக் கணக்கு வங்கியில் இருக்கிறது. மகனின் விசாப் பத்திரம் வெள்ளவத்தைக் கொமினிகேஷன் கடையில் தட்டச்சாகிறது. கணினி இல்லாதவனின் வாழ்வும் கணினிக்குள்தான் இருக்கிறது. அவனிடம் மட்டும் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

இந்நாட்டில் சட்டமே இல்லையா? உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இங்குள்ளோருக்குச் சேவை விற்கும் அந்நியக் கம்பனியையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகள் கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டன. ஏட்டில் எழுதிய சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆகவே நாம் கேட்பது இது: பொருளை இயக்குவதற்கு இன்றியமையாத தகவலைத் தவிர வேறெதுவும், வாங்கியவர் தாமாகத் திறந்துவிட்டாலன்றி வெளியே போகக்கூடாது. பெருங்கம்பனிக்கு உள்ள உரிமை வீட்டுக்காரனுக்கும் வேண்டும். நிறுவனத்தின் கணக்கின்றியே கணினியை இயக்க வழி வேண்டும். சம்மதம் கேட்பவர் தமிழிலும் சிங்களத்திலும், சாதாரண மனிதனுக்கு விளங்கும்படி கேட்க வேண்டும்; விளங்காத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தமிழனின் முறைப்பாட்டைத் தமிழிலேயே ஏற்று விசாரிக்க வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் எழுப்ப வேண்டும்.

அரசு விழிக்கும்வரை நாம் உறங்க வேண்டியதில்லை. கணினியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, வேண்டாதவற்றை இன்றே அடையுங்கள். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். பழைய கணினியை எறிந்துவிடாமல், யாரும் திறந்து பரிசோதிக்கக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை இட்டுப் பாருங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே பயில்கின்றனர். 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கிய 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருள் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. அறிவு நம்மிடம் இல்லாமலில்லை, துணிவுதான் வேண்டும்.

பட்டியல் எழுதப்பட்ட பின் அழுவதைவிட, எழுதும் கையைப் பிடித்து 'எதற்கு?' என்று கேட்பதே மானமுள்ள மக்களுக்கு அழகு. வீடு நம்முடையது. சாவியும் நம்முடையதாகவே இருக்கட்டும்!